துண்டுப்பிரசுரத்துக்கும் நயம் உண்டு

பாடசாலையில் நயம் எழுதச் சொன்னால் செய்யுளைத்தான் தருவார்கள். சொல்நயம், பொருள்நயம், ஓசைநயம், அணிநயம் என்று தலைப்புப் போட்டு எழுதிப் புள்ளி வாங்கிய பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதே கண்ணோடு, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலிருந்து வந்தவர்கள் படலையில் தந்துவிட்டுப் போகும் துண்டுப்பிரசுரத்தை வாசித்துப் பார்த்தால் என்ன? எழுதியவர் பெயர் அந்தத் தாளில் இராது. அணிந்துரை கிடையாது, விருதும் கிடையாது. ஆனால் அதற்கு இருக்கும் சோதனை எந்தக் கவிதைக்கும் இல்லை. வாசித்து முடித்தவர் எழும்பிப் போய் ஒரு வாளியைக் கவிழ்த்தாரா இல்லையா என்பதே அந்தச் சோதனை.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களில் இந்தத் தாள்களுக்கு வேலை அதிகம். வடகீழ்ப் பருவமழை கார்த்திகையிலும் மார்கழியிலும் கொட்டித் தீர்த்துவிட்டுப் போகும். தேங்கிய நீரில் நுளம்பு பெருகும். தை பிறந்ததும் டெங்குக் காய்ச்சல் என்ற பேச்சுத் தொடங்கிவிடும். 2017 மார்ச்சில் கிண்ணியாவில் அது கட்டுமீறிப் பரவியபோது பாடசாலைகளை மூடவேண்டி வந்தது. அந்த ஆண்டு இலங்கை முழுவதும் டெங்கு என்று சந்தேகிக்கப்பட்டுப் பதிவானவர்கள் 186,101 பேர். அதற்கு முன் நாடு கண்டிராத தொகை. அப்படியொரு பங்குனியில் ஒரு தாள் கைக்கு வந்தால் அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடிவிடுகிறது. வாசிப்பவர் யாரென்றும் பார்க்கவேண்டும். விடியற்காலையில் கரைக்கு வந்து வலையை உதறிக்கொண்டிருக்கும் கடற்றொழிலாளி, தம்பலகாமத்தில் வயல் செய்பவர், இடுப்பில் பிள்ளையோடு கிளினிக் வரிசையில் நிற்கும் மூதூர்த் தாய், எழுத்தைக் கூட்டி வாசிக்கும் பேரனிடம் தாளைக் கொடுத்துக் கேட்கும் மூதாட்டி. இந்த நால்வருக்கும் ஒரே தாள் போதுமானதாக இருக்கவேண்டும்.

முதலில் நயமில்லாத வாக்கியம் ஒன்றைப் பார்ப்போம். அலுவலகத் தமிழில் ஊறியவர் எவரும் ஒரே மூச்சில் எழுதிவிடக்கூடியது: ‘டெங்கு நோய்ப் பரவலைக் கட்டுப்படுத்தும் பொருட்டு நுளம்புப் பெருக்கத்திற்கு ஏதுவான நீர் தேங்கும் கொள்கலன்களை அகற்றும் நடவடிக்கைகளை மேற்கொள்ளுமாறு பொதுமக்கள் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.’ இலக்கணப் பிழை எதுவுமில்லை. பதினாறு சொற்கள். அவற்றில் கையால் தூக்கக்கூடிய பொருள் ஒன்றுகூட இல்லை. ‘கொள்கலன்’ என்று எந்த வீட்டிலும் எதுவும் கிடையாது. வாளி இருக்கிறது, குடம் இருக்கிறது, பூச்சாடி இருக்கிறது. கேட்டுக்கொள்பவர் யாரென்பதும் தெரியவில்லை. தமிழில் வினை கடைசியில் வரும். வாக்கியம் நீள நீள, வாசிப்பவர் அத்தனை சுமையையும் தலையில் வைத்துக்கொண்டு கடைசிச் சொல்வரை நடக்கவேண்டியிருக்கிறது. நடந்து போய்ச் சேர்ந்தால் அங்கே ‘படுகின்றனர்’ என்று நிற்கிறது. சின்ன வாக்கியம் எழுதுவது வாசகரைக் குறைத்து மதிப்பதாகும் என்று சிலர் எண்ணுவார்கள். வினையை இறுதியில் வைக்கும் மொழியில் அது வாசகருக்குச் செய்யும் மரியாதை.

இதே செய்தியை நல்ல துண்டுப்பிரசுரம் எப்படிச் சொல்கிறது? வாசகம் இடத்துக்கிடம் சற்று மாறும். ஆனால் வழமையாக வந்து நிற்கும் பொருட்கள் இவை: சிரட்டை, இளநீர்க் கோம்பை, யோகட் கோப்பை, ரயர், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, தண்ணீர்த் தாங்கி, கூரைப் பீலி. வெறும் பட்டியல்தானே என்று தாண்டிப் போகவேண்டாம். இதன் அடுக்கைப் பாருங்கள். முதல் மூன்றும் குனிந்து எடுத்து எறியக்கூடியவை. அடுத்து, இழுத்து ஓரத்தில் போடவேண்டிய ரயர். பிறகு வீட்டுக்குள்ளே போய் வெளியே வருகிறோம். கடைசியில் ஏணி வைத்து ஏறவேண்டிய பீலி. வாசிப்பவரைக் கையைப் பிடித்து வளவைச் சுற்றிக் கூட்டிக்கொண்டு வரும் வரிசை இது. ஏணி தேவைப்படுவதை முதலில் வைத்திருந்தால், ‘ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்’ என்று தாளை மடித்திருப்பார்.

இந்தப் பட்டியலில் என் மனம் அதிகம் தங்குவது அந்தப் பின்தட்டில்தான். குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் ஒரு தட்டு இருப்பதும், அதில் நீர் சொட்டிச் சேர்வதும் பெட்டியின் சொந்தக்காரருக்கே தெரியாது. மேசையில் இருந்து யோசித்தால் இந்தச் சொல் வராது. வீடுவீடாகப் போய், சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ரோர்ச் அடித்துப் பார்த்த ஒரு பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது. நல்ல எழுத்துக்கு அவதானிப்பு வேண்டும் என்று இலக்கியக் கூட்டங்களில் சொல்கிறோம். அதற்கு எடுத்துக்காட்டு இங்கே பத்துப் புள்ளி எழுத்தில் அச்சாகிக் கிடக்கிறது.

துறைமுகப் பக்கத்துக்கு இந்தப் பட்டியல் இன்னும் கொஞ்சம் நீளவேண்டும். திருக்கடலூர்க் கரையிலோ கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலோ ஒட்டும் தாளென்றால், கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் அடியில் நிற்கும் மழைநீர், படகின் விலாவில் முட்டுக்காகக் கட்டித் தொங்கவிட்ட ரயர், மூடி உடைந்த ரெஜிபோம் மீன்பெட்டி ஆகிய மூன்றும் அதில் வந்தாகவேண்டும். அந்த ரயர் நிமிர்ந்து தொங்குவதால், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதன் வயிற்றில் ஒரு சிரங்கை நீர் மிஞ்சும்; துளை போட்டால்தான் வடியும். ‘ரயரை அகற்றுங்கள்’ என்றால் தொழிலாளி சிரிப்பார், படகு மோதி உடையுமே என்று. ‘ரயரின் அடியில் துளை போடுங்கள்’ என்றால் ஆணியைத் தேடுவார். கடலோரத்தில் உப்புத்தண்ணீர்தானே, நுளம்புக்கு அங்கே என்ன வேலை என்ற நம்பிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வு, டெங்கு நுளம்பின் குடம்பிகள் உவர்நீரிலும் வளர்வதைக் கண்டு சொன்னது. அதை விளக்கப் பந்தி எழுதத் தேவையில்லை. ‘உவர்க் கிணற்றையும் பாருங்கள்’ என்ற மூன்று சொற்கள் போதும். அந்த ‘உம்’ ஆய்வுக்கட்டுரையின் சாரத்தை ஏந்திக்கொள்ளும்.

இனி ஒரு வினைக்கு வருவோம். தொட்டியைப் பற்றிய வரியில் ‘கிழமைக்கு ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள்’ என்று வரும். ‘தண்ணீரை ஊற்றிவிடுங்கள்’ என்று எழுதியிருந்தால் என்ன குறை? இந்த நுளம்பு முட்டையை நீரில் மிதக்கவிடுவதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. நீரை ஊற்றினால் முட்டை அங்கேயே இருக்கும். காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் உயிர் பிடித்துக் கிடந்து, மறுபடி நீர் ஏறும்போது பொரிக்கும். தும்புத்தடியோ பிரஷோ சுவரில் உராய்ந்தால்தான் அது அழியும். இத்தனை விஞ்ஞானத்தையும் ‘தேய்த்து’ என்ற ஒரு வினையெச்சம் சுமக்கிறது. முட்டை நுளம்பாகி வெளிவர ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து நாள் எடுக்கும் என்பதுதான் ‘கிழமைக்கு ஒரு தடவை’ என்பதன் பின்னணி. அடுத்த தலைமுறை பறக்குமுன் கை அங்கே போய்விடவேண்டும். ‘அடிக்கடி’ என்று எழுதினால் அவரவர் வசதிக்கு அது மாதத்துக்கு ஒரு தடவையாகும். ‘கிழமைக்கு’ என்றால் அதற்கு ஒரு நாள் இருக்கிறது. கிண்ணியாவில் அது வெள்ளிக்கிழமையாகலாம், நிலாவெளியில் ஞாயிறாகலாம்.

‘உம்’ என்ற இடைச்சொல்லின் அழகு இன்னொரு வரியிலும் தெரியும். காய்ச்சல்காரரைப் ‘பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க விடுங்கள்’ என்பது அந்த வரி. இந்த மாவட்டத்துக்கு நுளம்பு வலை புதிதல்ல. மலேரியா நின்று வாட்டிய வறண்ட வலயத்து ஊர்கள் இவை. மாலையானால் வலை கட்டும் பழக்கம் தலைமுறைகளாக இருக்கிறது. 2012 ஒக்டோபருக்குப் பிறகு உள்ளூரில் தொற்றிய மலேரியா எதுவும் இல்லை என்றாகி, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு மலேரியா ஒழிந்த நாடு என்று சான்றிதழ் கொடுத்தது. மலேரியா நுளம்பு இரவில் கடிக்கும். டெங்கு நுளம்போ காலையிலும் பின்னேரத்திலும் கடிப்பது. ‘பகலில்’ என்று மட்டும் எழுதியிருந்தால் பழைய பழக்கத்தை விட்டுவிடச் சொல்வதுபோல் ஆகியிருக்கும். ‘பகலிலும்’ என்றதால், நீங்கள் இவ்வளவு காலமும் செய்துவந்தது சரிதான், அதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னதாகிறது. ஊரின் நோய் வரலாறு தெரிந்தவர் போட்ட ‘உம்’ அது.

காய்ச்சல் பகுதிக்கு வந்தால் எழுத்தின் கூர்மை இன்னும் கூடவேண்டும். ‘பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள்’ என்ற வரியில் அச்சுக்காரர் வழமையாகத் தடித்த எழுத்துப் போடுவது மருந்தின் பெயருக்கு. தடித்திருக்கவேண்டியது ‘மட்டும்’. காய்ச்சலுக்குப் பனடோல் என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். உடம்பு நோவுக்கென்று அலுமாரியில் இருக்கும் இபுபுரூபனையோ டைக்குளோபெனக்கையோ கூடக் கொடுத்துவிடுவதுதான் வினை. அவை இரத்தக்கசிவைக் கூட்டும். அஸ்பிரினும் அப்படியே. தாள் தடுக்க நினைப்பது அந்த இரண்டாவது மாத்திரையை. ஆகவே நல்ல தாள் அந்த மூன்று பெயர்களையும் அச்சிட்டு, அவற்றின் மேல் குறுக்குக்கோடு போட்டுவிடும்.

இன்னொரு வரி, முதல் வாசிப்பில் மூடநம்பிக்கை போலத் தோன்றும்: ‘சிவப்பு, கபில நிறப் பானங்களைக் கொடுக்கவேண்டாம்.’ பீட்ரூட் சாறும் சொக்லேற் பானமும் டெங்குக்கு என்ன செய்தன? அவை ஒன்றும் செய்யவில்லை. நாளை மறுநாள் பிள்ளை சத்தியெடுத்தால், அதில் இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டி வரும். பானத்தின் நிறம் அந்தப் பார்வையைக் கெடுத்துவிடும். இரண்டு நாள் கழித்து விடுதியில் நிற்கப்போகும் தாதியின் கண்ணுக்காக, இன்று அடுப்படியில் நிற்கும் தாயிடம் சொல்லிவைக்கும் வரி இது. இதன் காரணத்தையும் சேர்த்து ‘சத்தியில் இரத்தம் தெரியாமல் போகும்’ என்று நான்கே சொல்லில் போட்டுவிட்டால், அந்த விலக்கு விளங்கிவிடும். விளங்கிய விலக்கை அம்மம்மாவும் மீறமாட்டார். இலங்கைச் சுகாதார எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

எழுதக் கடினமான இடம் அடுத்தது. காய்ச்சல் குறைவதை யாரும் நல்ல செய்தியாகத்தான் எடுப்பார்கள். டெங்கில் ஆபத்தான கட்டம் தொடங்குவதோ பெரும்பாலும் அப்போதுதான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசியத் தொடங்கும். மனித அனுபவத்துக்கு நேர்மாறான இந்தச் செய்தியைக் கலைச்சொல்லால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ‘காய்ச்சல் விட்டாலும் பிள்ளையை விடாதீர்கள்’ என்று ஒரு குடும்பநல உத்தியோகத்தர் வாசலில் நின்று சொன்னால் நம்புவார்கள். ஒரே வினையை இரண்டு பொருளில் வைத்துச் சொல்லும்போது செய்தி மனதில் பதிந்துவிடும். அதற்குக் கீழே எண்களோடு இரண்டு வரிகள் வரும். மூன்றாம் நாளே இரத்தப் பரிசோதனை என்பது ஒன்று. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகவில்லையென்றால் உடனே ஆஸ்பத்திரி என்பது மற்றது. ‘சிறுநீர் வெளியேற்றம் குறைவடைதல்’ என்று எழுதினால் தாய் எதைக் கொண்டு அளப்பாள்? ஆறு மணித்தியாலம் என்றால் சுவரில் மணிக்கூடு இருக்கிறது. ‘உடனே ஆஸ்பத்திரி’ என்பதிலும் ஊர் வேண்டும். 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வரப் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறவேண்டியிருந்த மாவட்டம் இது. மூதூர்த் தாளில் மூதூர் ஆதார வைத்தியசாலையின் பெயரும், கந்தளாய்த் தாளில் கந்தளாயினுடையதும் இருந்தால், ‘உடனே’ என்ற சொல்லுக்குப் போகுமிடமும் தெரிந்துவிடுகிறது.

டெங்குத் தாளை விட்டு ஜீவனிப் பொதியின் முதுகுக்கு வருவோம். வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு உப்பும் சீனியும் கலந்த இந்தத் தூளைக் கரைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. செய்முறையில் ‘முழுப் பொதியையும்’ என்ற சொல் வரும். பிள்ளை சின்னது, பாதி போதும் என்று நினைப்பது தாய்மனம். சிக்கனமும் ஒரு காரணம். பாதித் தூளை ஒரு லீற்றரில் போட்டால் பயன் குறையும். முழுத் தூளை அரை லீற்றரில் போட்டால் உப்பு மிஞ்சி ஆபத்தாகும். ஆகவே தூளுக்கு ‘முழு’, நீருக்கு ‘ஒரு லீற்றர்’ என்று இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். நீரைச் சொல்லும்போது ‘கொதித்தாறிய’ என்று ஒரே சொல்லில் அடுப்பும் ஆறுதலும் வந்துவிடுகின்றன. இறுதியாக, 24 மணித்தியாலத்துக்குப் பிறகு ‘மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்’. மீதியைப் பாவிக்கவேண்டாம் என்று எழுதினால் அது போத்தலில் நிற்கும், பிறகு யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். எதையும் வீணாக்காத கைக்கு ‘கொட்டு’ என்பது வலிக்கிற வினை. அது வலிக்கும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கலையில் உலகத்துக்கு வழிகாட்டியது வங்காளதேசம். அங்கே பிராக் நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் பெண் ஊழியர்களை அனுப்பி, வீட்டிலேயே கரைசல் தயாரிக்கக் கற்றுக்கொடுத்தது. அவர்கள் எடுத்த அளவைகள் மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர். விரலும் உள்ளங்கையும் அளவுக்கருவியாகின. முழுப் பாடத்தையும் பத்துக் குறிப்பாக வைத்தார்கள். பிறகு அதையும் ஏழாகக் குறைத்தார்கள். ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீடு போனார் என்பதை வைத்துக் கணக்கிடப்படவில்லை. சில காலம் கழித்து வேறொருவர் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்பதைப் பொறுத்துக் கொடுத்தார்கள். எழுத்தாளருக்கும் அப்படிச் சன்மானம் கொடுத்தால் நம் நடையெல்லாம் எப்படி மாறியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம்.

எழுத்தே குறைவாக இருந்து, வாசிப்பு நிறைவாக நடக்கும் பக்கம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறை குறிக்கும் வரைபடம்தான் அது. இதன் மூத்த வடிவத்தை நைஜீரியாவின் இமேசி என்ற கிராமத்தில் பணியாற்றிய டேவிட் மோர்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் உருவாக்கினார். கீழே மாதங்கள், பக்கத்தில் கிலோகிராம், நடுவில் நிறப் பட்டைகள். ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு புள்ளி. புள்ளிகளைத் தொட்டு ஒரு கோடு. நிறை எத்தனை என்பதைவிடக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் செய்தி. பச்சைப் பட்டைக்குள் இருந்தாலும் கோடு தட்டையாகிவிட்டால் யோசிக்கவேண்டும். பச்சைக்குக் கீழே இருந்தாலும் மேல்நோக்கி ஏறினால் தெம்பு. எழுத்து வாசிக்கத் தெரியாத தாய்கூட அந்தக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்து, போன மாதம் பிள்ளைக்குச் சுகமில்லாமல் போன இடத்தைச் சரியாகக் காட்டிவிடுவாள். அவளே நாயகியாக இருந்து அனுபவித்த கதை அது.

அதே பதிவேட்டின் தடுப்பூசிப் பக்கத்தில் வேறொரு சுவை. சின்னமுத்து, கூகைக்கட்டு, குக்கல், தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, இளம்பிள்ளைவாதம். ஆய்வுகூடத்துப் பெயர்களைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கிழவிகள் வைத்த பெயர்களை முன்னே கொண்டுவந்திருக்கிறார்கள். குக்கல் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த இருமலின் ஓசை காதில் விழும். இப்படிப் பெயர்களைத் தேடியெடுத்து மருத்துவத்தைத் தமிழில் எழுதும் வேலை இத்தீவில் பழையது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தன் மாணவர்களோடு சேர்ந்து உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவம் என்று நாலாயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் கொண்டுவந்தார். சுகம் பேணும் துறைக்கு அவர் வழங்கிய பெயர் உற்பாலனம். அந்தச் சொல் நிலைக்கவில்லை. நோய் வந்தவரின் மொழியில் மருத்துவம் பேசவேண்டும் என்ற அவரது பிடிவாதம் நிலைத்துவிட்டது. இன்றைய கிளினிக் அட்டை அதன் வாரிசு.

வாசிக்கப்படாமல் கேட்கப்படும் சுகாதார எழுத்தும் உண்டு. ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒழுங்கைக்குள் வந்து போகும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் கோயில் ஒலிபெருக்கியிலும் அறிவித்தல் வரும். இந்த எழுத்துக்குத் தனி இலக்கணம். ஓட்டோ ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு வீட்டுக்குக் கேட்பது நடுவிலிருந்து இரண்டு மூன்று வாக்கியம்தான். ‘மேற்குறிப்பிட்ட’, ‘இவ்வாறான’, ‘அதனை’ என்று எதைச் சொன்னாலும் அதற்கு முந்திய வாக்கியம் பக்கத்து வீட்டோடு போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்கவேண்டும், பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். ‘நாளை காலை எட்டு மணிக்கு உங்கள் வீதிக்குப் புகையடிக்க வருகிறோம். புகையடிக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள். புகையடிக்கும்போது சாப்பாட்டை மூடி வையுங்கள்.’ தாளில் இருந்தால் கூறியது கூறல் என்று வெட்டியிருப்போம். காற்றில் அதுவே ஓசைநயம். கதவைத் திறக்கச் சொன்னது புகை உள்ளே போகத்தான். அதைச் சொல்லாவிட்டால் எல்லாரும் இறுக்கிப் பூட்டிவிடுவார்கள் என்பதும் அனுபவம் சொல்லித்தந்த பாடம்.

விளிக்கும் விதத்திலும் கவனம் இருக்கிறது. ‘கழுவுக’ என்றால் பாடப்புத்தகம் பேசுகிறது. ‘கழுவவும்’ என்றால் பெயர்ப்பலகை பேசுகிறது. ‘கழுவுங்கள்’ என்றால் ஒரு ஆள் முன்னால் நிற்கிறார். திருகோணமலையில் ஒரே தமிழை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வாசிக்கிறார்கள். ஒரு வீட்டில் அம்மா, மற்ற வீட்டில் உம்மா. ஒரு வீட்டில் அக்கா, மற்ற வீட்டில் ராத்தா. ‘தாய்மாரே’ என்று தொடங்கும் தாள் இரண்டு வாசலிலும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறது. நேரில் போகும்போது குடும்பநல உத்தியோகத்தர் அந்தந்த வாசலுக்கு ஏற்ற முறையைச் சொல்லிக்கொள்வார். ‘தங்கச்சி, இந்தக் கோட்டைப் பாருங்கோ’ என்று அவர் விரலால் காட்டும்போது தாளில் விட்ட இடைவெளி நிரம்பிவிடும்.

அச்சு அழகையும் விட்டுவிடக்கூடாது. மூன்று மொழிச் சுவரொட்டியில் மூன்று மொழிக்கும் சமமான பெட்டி ஒதுக்குவார்கள். தமிழ்ச் சொல் நீளம் கூடியது. பெட்டிக்குள் அடக்க எழுத்தைச் சுருக்குவார்கள். கண்ணாடியில்லாமல் வந்த ஐயாவுக்கு அதோடு கதை முடிந்தது. விபரம் தெரிந்த வடிவமைப்பாளர் எழுத்தைச் சுருக்காமல் வாக்கியத்தைச் சுருக்குவார். வரியை உடைக்கும் இடத்தையும் பார்ப்பார். ‘பரசிற்ற’ என்று ஒரு வரியும் ‘மோல் மட்டும்’ என்று மறு வரியுமாக உடைந்தால் மருந்தே உடைந்துபோகும். கடைசி வரியாக ‘1990’ என்று இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் நிற்கும். இந்திய உதவியோடு 2016இல் தொடங்கிய அந்தச் சேவையின் நான்கு இலக்கத்துக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. இடம்பெயர்ந்த நினைவுகளால் 1990 என்ற ஆண்டை மறக்கமுடியாத மாவட்டம் இது. அந்த எண் இப்போது உயிர்காக்க அழைக்கும் எண்ணாகவும் மனதில் இருக்கிறது.

இந்த எழுத்தில் குறை இல்லாமலில்லை. ‘விழிப்புணர்வு’, ‘ஒத்துழைப்பு’, ‘நடவடிக்கை’ ஆகிய மூன்றும் இன்னும் தாளின் நெற்றியில் வந்து குந்திக்கொள்கின்றன. ஆலோசனை வரிகளுக்குரிய இடத்தில் அதிகாரிகளின் படங்கள் வருவதும் உண்டு. நயம் தெரிந்தவர்கள் இதற்கு ஒரு காரியம் செய்யலாம். அச்சுக்குப் போகுமுன் தாளின் ஒரு பிரதியைக் கிளினிக் வரிசையில் நிற்கும் ஒரு தாயிடம் கொடுங்கள். வாசித்ததும் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். ‘டெங்கைப் பற்றி ஏதோ போட்டிருக்கு’ என்றால் தாளைத் திருப்பி எழுதவேண்டும். ‘தொட்டியைத் தேய்க்கோணும், மூன்றாம் நாள் இரத்தம் பார்க்கோணும், பீட்ரூட் குடுக்கக்கூடாது, சத்தியில இரத்தம் தெரியாமப் போயிடும்’ என்று அவர் தன் பேச்சில், காரணத்தோடு, அதே வரிசையில் சொன்னால் அச்சகத்துக்குக் கொடுத்துவிடலாம்.